நான்காம் எண்ணின் மறுமொழி

மலேசியாவின் லாபிஸ் புகைவண்டி நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு கடைவரிசையின் கடைசிக் கட்டடத்தில் மூன்றாண்டுகள் கணினிகளைப் பராமரித்தேன். சிறுதோட்டக்காரரிடம் செம்பனைக் குலைகளை வாங்கி ஆலைக்கு அனுப்பும் நிறுவனம் அது. கீழிரண்டு தளங்களும் அலுவலகம். மேல்தளத்தின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். குருவிகள் நுழைய ஒரு சதுரத் துளை மட்டும் தெருவைப் பார்த்து இருந்தது. உள்ளே உழவாரன் குருவிகள் உமிழ்நீரால் கூடு கட்டும்; இங்குள்ள மக்கள் மலாய்ச் சொல்லால் அவற்றை வாலிட் என்பர். சீனர்கள் அக்கூடுகளை உணவாகக் கொள்வதால் அவற்றுக்கு நல்ல விலை.

குருவிகளை அங்கே அழைத்தவை குருவிகள் அல்ல, ஒலிபெருக்கிகள். எங்கோ எப்போதோ பதிவான கீச்சொலி துளையின் வாயிலில் ஓயாமல் ஒலிக்கும். அக்குரலுக்கு உரியவை இறந்து பல்லாண்டுகள் ஆகியிருக்கலாம். அவற்றின் அழைப்பை நம்பி உயிருள்ளவை வந்து இருட்டில் தங்கின. முதல் வாரம் அவ்வொலி என் உறக்கத்தினுள்ளும் புகுந்தது. பிறகு அது கேட்பதே எனக்கு நின்றுவிட்டது.

மேல்தளத்தைக் கவனித்துக்கொண்டவர் ஐம்பதை நெருங்கிய ஒரு பெண்மணி. ஜொகூர் பாருவில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி, வெறுமையாகக் கிடந்த அத்தளத்தில் ஈராண்டுகள் உழைத்துக் குருவிகளைக் குடியேற்றியவர். நாங்கள் அனைவரும் அவரை அக்கா என்றே அழைத்தோம்.

கணினிகளை இரவெல்லாம் எரியவிட்டுப் போகிறார்கள் என்று நிறுவனத்தின் சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்றழைப்பவர், குறைபட்டார். தவுக்கே சொன்னபின் மறுப்பேது? மாலை ஆறு மணிக்கு எல்லாக் கணினிகளையும் பிணையத்தின் வழியே தானாக அணைத்து, காலை எட்டுக்கு எழுப்பும் கட்டளைநிரல் ஒன்றை எழுதினேன். பன்னிரண்டு கணினிகளிலும் எண் ஒட்டப்பட்டிருந்தது: ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று-ஏ, ஐந்து என்று தொடர்ந்து பன்னிரண்டு வரை. நான்கு இல்லை. சீன மொழியில் அவ்வெண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதால், இங்கே மின்தூக்கிகளிலும் அப்படித்தான் எழுதுவார்கள். அமங்கலச் சொல்லை நீக்கி மங்கலச் சொல்லால் வழங்குவதை நம் இலக்கணம் மங்கலம் என்னும். மூன்று-ஏ என்பது நான்கின் மங்கல வழக்கு என்று, இலக்கணம் பயின்ற என் மனம் ஐயமின்றி முடிவுகட்டியது. ஒட்டிய எண்ணே பிணைய முகவரியும் என்று கொண்டு, நிரலில் ஒன்று முதலாக எண்களை வரிசையாக எழுதினேன். நான்கையும் எழுதினேன்.

நிரல் தன் பணியைப் பதிவு செய்தது. ‘நான்கு: அணைந்தது’ என்று நாள்தோறும் அதில் இருந்தது. ஆனால் காலையில் எட்டுக்கு முன்பே வந்து பார்த்தால் மூன்று-ஏ மட்டும் விடிய விடிய எரிந்துகொண்டிருக்கும். அங்கே அமர்ந்திருந்த எழுத்தர்ப் பெண்ணுக்கு அது வேடிக்கையாயிற்று.

“அண்ணே, உங்க கட்டளைக்கு நான் மட்டும் அடங்க மாட்டேன் லா.”

நானும் சிரித்தேன். எனினும் எரியும் திரையையும், அணைந்தது என்னும் வரியையும் மாறிமாறிப் பார்க்கையில் பிடரி சில்லிடும். இவ்வறையில் இல்லாத ஒன்று என் கட்டளையைக் கேட்டு, பணிந்து, மறுமொழியும் சொல்கிறது. கருவியில் ஏதோ பழுது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரங்களில்தான் குருவிகள் குறைந்தன. அந்திக்குத் திரும்புபவை கட்டடத்தை வட்டமிட்டு, துளையருகே வந்து, திகைத்தவை போல விலகிப் பறந்தன. தவுக்கே அக்காவைக் குற்றஞ்சாட்டினார். தலையெண்ணெயின் மணம் பறவைகளை விரட்டுகிறது என்றார். மாத முடிவுக்குள் அவை திரும்பாவிட்டால் தளத்தை மூடி, வாடகை அறைகளாக்கப் போவதாகவும் சொல்லிவிட்டார். அக்கா எண்ணெயை விட்டார். மணமில்லாத சவர்க்காரத்துக்கு மாறினார். தேவாலயத்திலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து படிகளில் தெளித்தார். அந்தியில் தெருவின் வண்டி இரைச்சலில் ஒலி கீழே கேட்காது என்பதால், ஒவ்வொரு காலையும் மேலே ஏறி அது சரியாக இருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்டார். சரியாகவே இருந்தது. வறண்டு பரட்டையான தலையோடு அவர் படியிறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில், மூன்று-ஏயின் பிடிவாதத்தைத் தீர்க்கலாமென்று மாலையில் தங்கினேன். நிரல் தானாக ஓடுவதை அன்றைக்கு நிறுத்திவைத்தேன். பழுது தேடியதில் ஏழு மணி நெருங்கிவிட்டது. கீழே தெருவிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“தம்பி, இன்னிக்கு எறங்குது. வந்து பாருங்க.”

சன்னலில் எட்டிப் பார்த்தேன். சாம்பல் வானத்திலிருந்து குருவிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து துளைக்குள் மறைந்தன. அக்கா கடைமுன் நடைபாதையான அஞ்சடியின் விளிம்பில் நின்று, விரல்மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். நான் திரும்பி மூன்று-ஏயின் முன் அமர்ந்து, சோதித்துப் பார்க்க நிரலைக் கையால் இயக்கினேன்.

அடுத்த கணம் கட்டடம் ஊமையாயிற்று. எது நின்றதென்று முதலில் விளங்கவில்லை. காதுக்குள் பல மாதமாக இருந்த ஏதோ ஒன்றைப் பிடுங்கியது போலிருந்தது. மூன்று-ஏ என் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. அதன் திரையில் விரிந்த பதிவில் ஒரு வரி: ‘நான்கு: அணைந்தது’. வெளியே, துளையை நெருங்கிய குருவிகள் காற்றிலேயே திரும்பின.

“போச்சு,” என்றார் அக்கா. யாரிடமும் அல்ல.

நின்றது மேல்தளத்தின் கீச்சொலி என்று உறைத்ததும், பிணைய முகவரிப் பட்டியலைத் தேடித் திறந்து, நான்கு எங்கே இருந்ததென்று அறிந்தேன். எனக்குமுன் இருந்தவர் மேல்தளத்தின் ஒலிக்கணினிக்கு அவ்வெண்ணைக் கொடுத்திருந்தார். மூன்று-ஏ பதின்மூன்றாம் முகவரியில் இருந்தது. நான் ஆறு மணிக்கு அதன் குரலை அடக்கி, எட்டு மணிக்குத் திருப்பித் தந்திருக்கிறேன். அக்கா கேட்கும் காலையில் அது கூவியது. பறவைகள் வீடு திரும்பும் அந்தியில் செத்துக் கிடந்தது.

நிரலில் ஓர் எண்ணை அழித்தால் போதும், யாருக்கும் தெரியாது. குருவிகள் தாமே வந்தன என்று அக்கா தீர்த்தத்துக்கு நன்றி சொல்வார். ஆனால் எண்ணெய் மணத்தால் போயின என்ற பழி அவர் தலையிலேயே நிற்கும். நான் கீழே இறங்கினேன்.

“அக்கா, குருவிங்கள விரட்டினது நான்தான். தினமும் ஆறு மணிக்கு.”

விளக்கிச் சொல்லி முடிக்கும்வரை அவர் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலையில போயி கேப்பேனே தம்பி. நல்லாத்தானே கத்துச்சு.” மேலே கைகாட்டி, “மொதல்ல கூப்பிடுங்க அதுங்கள,” என்றார்.

ஓடிப்போய் நான்கை எழுப்பினேன். ஆளில்லா இருட்டில் அந்தப் பழைய குரல்கள் ஒருசேரக் கூவத் தொடங்கியபோது, அவை பறவைகளை அழைக்கின்றனவா, என்னை வைகின்றனவா என்று எனக்கு விளங்கவில்லை. விலகிப் போன கூட்டத்தில் பாதி திரும்பியிருக்கும். மீதி எங்கே தங்கியதோ அறியேன்.

மறுநாள் தவுக்கேயிடம் மலாய் மொழியில் ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. அவ்வெண்ணை மேலே வைக்கச் சொன்னவர் தாம்தான் என்றார். அங்கே மனிதர் யாரும் உட்கார்வதில்லையே என்றார். மாத முடிவு என்னும் பேச்சைப் பிறகு அவர் எடுக்கவில்லை.

நிரலிலிருந்து நான்கை நீக்கினேன். ஆயினும் அங்கிருந்தவரை, ஆறு மணிக்கு எல்லாம் அணைந்தபின், அது விழித்திருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிட்டே எழுவேன். ஒவ்வொரு முறையும் உடனே மறுமொழி வரும்.

நான் ஒப்புக்கொண்டதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை, படிக்கட்டில் மறுபடியும் தேங்காயெண்ணெய் மணத்தது. நிமிர்ந்து பார்க்கும் துணிவின்றி, அக்கா மேலேறிப் போகும் காலடியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.