அடைக்க விடாத ஓட்டை

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் இல்லை, எனக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சின்ன வயதிலேயே ஊசி பிடித்தவன். இத்தனை வருடமும் வாகனங்களுக்குக் குஷன் வேலைதான். விபத்தில் ஆள் செத்த வாகனங்களின் சீட்டைக்கூடப் பிரித்துக் கழுவித் திரும்பத் தைத்திருக்கிறேன், பிறகு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்திருக்கிறேன். ஒன்றும் வந்து என்னைப் பிடித்ததில்லை. இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். என் மனைவியே சிரித்தாள். பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

வெள்ளவத்தையில் சிவா சேர் என்று ஒருவர். பென்சன் எடுத்த கையோடு ஒரு பழைய பெரிய வேனை வாங்கியிருந்தார். உள்ளே கட்டில், சமைக்கச் சின்னக் குசினி, கைகழுவும் தொட்டி எல்லாம் முன்பே யாரோ செய்து வைத்தது. சேர் அதைக் கரவன் என்பார், எங்கள் கராஜில் நாங்கள் வீட்டு வேன் என்று சொன்னோம். மனைவியையும், பிந்திப் பிறந்த ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு மலைநாடு முழுக்க அதிலேயே சுற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"போன மாசம் ஒரு இரவு நுவரெலியாவில நிண்டனாங்கள் அன்ரன். பிள்ளை விடிய விடிய நடுங்கினது. காத்து எங்கயிருந்து வருதெண்டே தெரியேல்லை. ஒரு எறும்பு நுழைய இடமில்லாமல் அடைச்சுத் தாங்கோ" என்றார் சேர்.

"இவர் குரங்குத் தொப்பியும் போட்டு, காதுக்குள்ள பஞ்சும் அடைச்சுக்கொண்டு படுத்தவர். நான் கூப்பிட்டாலும் கேக்காது. வீட்டிலயும் அப்பிடித்தான், அது வேற கதை" என்றார் சேரின் மிஸிஸ்.

நான் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆட்களோடு எனக்குக் கதைக்க வராது. வருகிறவர்களிடம் எனக்காகவும் சேர்த்துக் கதைப்பது வெல்டிங் வேலை செய்கிற நிஸாம் நானாதான், மாளிகாவத்தைக்காரர்.

"அடைச்சிட்டாப் போதுமா சேர், சூட்டுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று நானா கேட்டார்.

"கறண்ட் ஹீற்றருக்கு பற்றரியில சார்ஜ் காணாது. சிரட்டைக்கரிச் சட்டி ஒண்டு உள்ளுக்கு வச்சா இரவுக்குக் காணும். அன்ரன் வடிவா அடைச்சுத் தந்தா சூடு வெளியில போகாது."

எங்கள் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. மின்விசிறி நின்றால் விழித்துவிடுகிற கொழும்புச் சனம் நாங்கள், குளிரைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும். குளிர் என்றால் ஓட்டை வழியாக வருகிற ஒரு சாமான், ஓட்டையை அடைத்தால் வராது, அவ்வளவுதான் எங்கள் அறிவு.

பின்பக்கத்தில் மகளுக்கு ஒரு சின்னக் கட்டில் வேண்டும் என்றார்கள். அளவெடுக்க அந்தப் பிள்ளையைப் பலகையில் படுக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக் காட்டியது. "அங்கிள், நான் வளருவன், கொஞ்சம் நீட்டாச் செய்யுங்கோ" என்றது. ஒரு சாண் கூட்டி வெட்டினேன்.

வேலை தொடங்கிப் பழைய லினோலியத்தை உரித்தபோது அந்த ஓட்டையைக் கண்டேன். பின்கட்டிலுக்குக் கீழே, தரைத் தகட்டில், ஒரு கை நுழைகிற அளவு. கம்பனியில் போட்ட ஓட்டை வட்டமாக, விளிம்பு மழமழவென்று இருக்கும். இது கோணல்மாணலாக இருந்தது. விளிம்புத் தகடு கிழிந்து வெளிப்பக்கமாக, றோட்டைப் பார்த்து வளைந்திருந்தது. கைவேலை தெரியாதவன் எவனோ செய்தது என்று நினைத்தேன். பழைய கம்பளித் துண்டொன்றைக் கசக்கி அதில் திணித்து, மேலே ரிஜிபோம் அட்டைத் துண்டு வைத்து, பசை பூசிவிட்டு, வேனைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை திறந்தேன். ரிஜிபோம் ஒரு பக்கம் கிடந்தது. கம்பளித்துண்டு டிரைவர் சீட்டில் இருந்தது. நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு சேர்ந்து, அயர்ன் பண்ணினது போல.

"எலி" என்றார் நானா.

"எலி மடிச்சு வைக்குமா நானா?"

"மடிச்சதோட விட்டிச்சே. டிரைவர் சீட்டுல வேற வெச்சிரிக்கி. லைசன்ஸ் எடுத்த எலி போல."

நானும் சிரித்தேன். அவர்தான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு தகட்டுத் துண்டை வெட்டி, நாலு ஸ்குறூ போட்டு இறுக்கினேன். வேனைப் பூட்டி, திறப்பை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். காலையில் பார்த்தால் தகடு டிரைவர் சீட்டில். அதன்மேல் நாலு ஸ்குறூவும் வரிசையாக. இந்த முறை நானா பகிடி விடவில்லை. தன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினார். பிறகு அவரே படுத்துக்கொண்டு தகட்டை ரிவிட் அடித்து இறுக்கினார். "இனி ஆனை வந்தாலும் கழட்டேலாது" என்றார். அது உண்மைதான், அடுத்த இரண்டு நாளும் தகடு அசையவில்லை.

அடைக்கிற வேலை முடிந்தால் நான் ஒரு சோதனை செய்வேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடி, உள்ளே இருட்டில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடிப்பேன். எங்கேயாவது இடைவெளி இருந்தால் புகை அந்தப் பக்கம் சாயும், அந்த இடத்தில் சோக்கட்டியால் கோடு போடுவேன். எனக்குத் தொழில் படிப்பித்தவர் வழி இது, ஒருநாளும் பிழை போனதில்லை. அன்று வெள்ளிக்கிழமை, நானா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். உச்சி வெயில். கூரைத் தகட்டில் கை வைத்தால் சுடும். நான் வேனுக்குள் ஏறி எல்லாவற்றையும் மூடி, தரையில் உட்கார்ந்து பத்தியைக் கொளுத்தினேன்.

புகை நேராக எழும்பியது. நல்லது, வேலை சுத்தம் என்று நினைத்தேன். அப்போது அது மெல்லப் பின்பக்கம் சாய்ந்தது, பிள்ளையின் கட்டில் பக்கம். சோக்கட்டியை எடுத்தேன். புகை திரும்பி என் பக்கம் வந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி கட்டில் பக்கம் போனது. மறுபடி என் பக்கம்.

இடைவெளியால் வருகிற காற்று ஒரு பக்கம்தான் போகும். இப்படிப் போய் வராது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், நம்புங்கள், நம்பாமல் விடுங்கள், கட்டிலில் யாரோ படுத்து மூச்சு விடுகிறார்கள் என்று எனக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. கட்டிலில் ஒருவரும் இல்லை. புதிதாகத் தைத்த மெத்தை மட்டும்தான் இருந்தது. புகை போய் வருவது வரவரத் தாமதமானது. இழுவை நீண்டது. என் காலிரண்டும் குளிரத் தொடங்கின, முதுகில் வியர்வை காய்ந்துபோனது. கொட்டாஞ்சேனையில், பன்னிரண்டு மணி வெயிலில், தகட்டுப் பெட்டிக்குள் இருந்துகொண்டு நான் நடுங்கினேன். ஒருமுறை புகை கட்டில் பக்கம் சாய்ந்தது, திரும்பி வந்தது, பிறகு நேராக நின்றுவிட்டது.

நான் காத்திருந்தேன். அது அசையவில்லை.

அப்போதுதான் காலடியில் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக் என்று ரிவிட் அடித்த தகட்டில், வேனுக்கு உள்ளேயிருந்து யாரோ தட்டுகிற மாதிரி. என் காலுக்கும் அந்தத் தகட்டுக்கும் ஒரு முழம்தான் தூரம். எனக்குக் கதவைத் திறந்து ஓட வேண்டும் என்று தோன்றவேயில்லை, அது ஏனென்று இன்றைக்கும் தெரியாது. சுத்தியலை எடுத்து அந்தத் தகட்டில் அடித்தேன். அடித்து அடித்துக் கிழித்தேன். வெளி வெளிச்சம் உள்ளே வந்த பிறகுதான் கை நின்றது. குனிந்து பார்த்தேன். நான் கிழித்த விளிம்பு றோட்டைப் பார்த்து வளைந்திருந்தது, பழைய விளிம்பு வளைந்திருந்தது போலவே. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது என்னுடையது என்று சொல்ல முடியாது.

யாரோ ஒருவர் முன்பு இதே இடத்தில் குந்திக்கொண்டு, கையில் கிடைத்ததால் இப்படி அடித்திருக்கிறார். முடித்தாரா, முடித்த பிறகும் எழும்பினாரா, தெரியாது.

அடைத்த பெட்டிக்குள் ஒரு மூச்சு நின்றுபோனதைப் பார்த்தேன், அதற்குள்தான் அவர்கள் கரிச்சட்டியையும் வைத்துப் படுக்கப் போகிறார்கள். சேரிடம் சொல்ல வேண்டும். மறுநாள் திரைச்சீலைகளைக் கொடுக்கிற சாட்டில் வெள்ளவத்தைக்குப் போனேன். வழி முழுக்க பஸ்ஸில் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனேன். வாசலில் அந்தப் பிள்ளை கம்பளித் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றது, அந்த வெயிலில். என் வாயில் வந்தது இவ்வளவுதான்:

"சேர், கரிச்சட்டி வேண்டாமே."

"ஏன் அன்ரன், குஷன் எரிஞ்சு போமெண்டோ?" என்று சிரித்தார். "பயப்படாதேங்கோ, கவனமா வைப்பம்."

ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் படியில் நின்று, புகை மூச்சு விட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் மூன்று உயிர். கைக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஓட்டையை அடைக்காமல் விட்டு, முன்னால் கட்டிலோடு சேர்த்து ஒரு வலைத்துணியை மடிப்பு மடிப்பாகத் தைத்து மறைத்தேன். பார்த்தால் அலங்காரம் மாதிரி இருக்கும். அவர்கள் வேனை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் வேன் கராஜ் வாசலில் வந்து நின்றது. பிள்ளைதான் முதலில் குதித்தது. எனக்குக் கண் கலங்கியதை நானா பார்த்துவிட்டார்.

சேருக்குக் கோபம். "என்ன வேலை செய்தனீங்கள் அன்ரன்? கட்டிலுக்குக் கீழ இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டிட்டு, அதுக்குச் சட்டை வேற தைச்சுப் போட்டிருக்கிறீங்கள். முதல் நாளே கண்டுபிடிச்சு நான் குளிச்சுத் துடைக்கிற துவாயால அடைச்சனான். அடைச்சுப்போட்டு, கரியும் மூட்டி வச்சிட்டுப் படுத்தால், விடிய இவ அதை எடுத்து வச்சிருக்கிறா."

"நான் எடுக்கேல்லை" என்றார் மிஸிஸ். "எத்தினை தரம் சொல்லுறது. நீங்கள்தான் நித்திரையில எழும்பி எடுத்திருப்பீங்கள்."

"நானோ? எனக்குத் துவாய் மடிக்கத் தெரியுமோ?"

"அதுவும் உண்மைதான்" என்றார் மிஸிஸ். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "டிரைவர் சீட்டில கிடந்தது அன்ரன். நாலா மடிச்சபடி. கண்ணாடியில பனி உறைஞ்சு கிடக்கு, சீட்டைத் தொட்டால் ஐஸ். துவாய் மட்டும் சூடு. ஆரோ தலைக்கு வச்சுப் படுத்திட்டு அப்பத்தான் எழும்பிப் போனது போல."

நானா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"சரி, அது கிடக்கட்டும். நிஸாம், இதை வெல்ட் பண்ணி மூடித் தாங்கோ" என்றார் சேர்.

"மூடக்கூடாது" என்றேன்.

என் குரல்தான், ஆனால் எனக்கே புதிதாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். "நான் மூட மாட்டன் சேர். நானாவையும் மூட விட மாட்டன். வேற ஆளிட்டக் குடுத்தாலும் நான் வந்து திறப்பன்." பிறகு இருந்ததெல்லாம் வந்தது. கம்பளித் துண்டு, ஸ்குறூ, ஊதுபத்தி, தட்டின சத்தம். சேர் சிரிக்கவில்லை. துவாய்க் கதையைச் சொன்ன மிஸிஸ் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். கரிப்புகை மூடின இடத்தில் ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்று பிறகு அவர்களுடைய டொக்டர் சொன்னாராம். ஓட்டைக்கு ஒரு குழாயும் கம்பி வலையும் போட்டுக் கொடுத்தோம். கரிச்சட்டியை அவர்கள் கராஜிலேயே விட்டுவிட்டுப் போனார்கள், இப்போது நானா அதில் ஆணி போட்டு வைத்திருக்கிறார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை மறந்திருப்பேன்.

மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு, நுளம்பு கடிக்காமல் இருக்க நுளம்புத்திரி கொளுத்துவோம். ஒருநாள் படுத்துக்கொண்டு திரியின் புகையைப் பார்த்தேன். கட்டில் பக்கம் சாய்ந்தது. திரும்பிப் போனது. கொஞ்சம் நின்றது. மறுபடி சாய்ந்தது. பக்கத்தில் மனைவி தூங்குகிறாள், அவளுடைய மூச்சுதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். அவள் மூச்சு குறுகலாக, வேகமாகப் போகிறது. என்னுடையதை அடக்கிப் பார்த்தேன். புகை அதன்பாட்டுக்கு, நீளமாக, நிதானமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

எழும்பி ஜன்னலைத் திறந்தேன். அன்றிலிருந்து நான் அதைச் சாத்துவதில்லை. மழைச் சாரலில் படுக்கை நனைகிறதென்று மனைவி நாளும் ஏசுகிறாள். ஏசட்டும். காலையில் தலையணை உறையைக் காயப்போட எடுக்கும்போது அவள் பார்க்காமல் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன், அந்தத் துவாய் போல அதுவும் சூடாக இருக்கிறதா என்று.