சிரித்தால் ஆமாம், அழுதால் இல்லை

நான் சொல்வதில் பாதி பொய் என்று என் கூட்டாளிகளுக்குத் தெரியும். இது மற்றப் பாதி. பேய்க்கு இருட்டு வேண்டும் என்பவர்கள் மன்னிக்கவும். இது 1997-ல், பகாவ் பக்கம் ஓர் எஸ்டேட்டில், பிற்பகல் மூன்று மணி வெயிலில் நடந்தது.

என் அக்கா மயிலம்மாள் ரப்பர் பால்மரக் காட்டில் மயங்கி விழுந்து ஏழு மாதம். கை கால் அசையாது, பேச்சில்லை, கண் மட்டும் தானாகச் சிமிட்டும். மூக்குக் குழாயில் கஞ்சித்தண்ணீர். உள்ளே ஒன்றுமில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அக்கா புருஷன் வீரமுத்து மாமா நம்பவில்லை.

"அவ உள்ளதான் இருக்கா மச்சான். ஒரு தடவ கேட்டுச் சொல்லு."

நான் பல்கலைக்கழகத்தில் மூளை அலைக் கருவிகளைத் துடைத்து வைப்பவன். அதில் ஒன்றைக் கெஞ்சி இரவல் வாங்கி வந்தேன். வெறும் 'பீப்' சத்தத்தைவிட, உணர்ச்சியுள்ள குரலுக்கு மூளை நன்றாக அசையும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். ஆகவே இரண்டு குரல்களைப் பதிந்தோம். சிரிப்பு என்னுடையது, ஒத்திகை தேவைப்படவில்லை. அழுகை மாமாவுடையது, அதற்கும்தான்.

அக்கா காதில் இரண்டும் மாறி மாறிக் கேட்கும். 'ஆமாம்' என்றால் சிரிப்பை மட்டும் ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ண வேண்டும். 'இல்லை' என்றால் அழுகையை. எண்ணும் குரலுக்குத் திரையில் கோடு மேடாக எழும். மூன்று ஞாயிறு முயன்றோம். கோடு தட்டை. இது கடைசி ஞாயிறு. மறுநாள் கருவியைத் திருப்பித் தர வேண்டும்.

மணி 3.10. "அக்கா, நாங்க பேசுறது கேக்குதா?"

ஹா ஹா... ம்ம்ஹ்... ஹா ஹா...

சிரிப்புக்கு மேடு.

மாமா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

3.17. "வலிக்குதா?" அழுகைக்கு மேடு. இல்லை.

கோடு அவ்வளவு சுத்தம். கண் சிமிட்டினாலே அது துள்ளும். அன்று ஒருமுறைகூடத் துள்ளவில்லை. அருமையான பதிவு என்று மகிழ்ந்தேன்... கழுதை.

3.24. அக்கா நெற்றி ஜில்லென்றிருந்தது. காற்றாடியை நிறுத்தினேன்.

3.31. மாமா தானே கேட்கிறேன் என்றார். அக்கா காதருகே குனிந்தார்.

"என்ன விட்டுட்டுப் போயிடுவியா?"

அழுகை. மேடு.

அழுகை. மேடு.

காதில் ஒலித்த குரல்களை நிறுத்தினேன்...

மேடு. மேடு. மேடு.

ஓடிப்போய் எஸ்டேட் மருந்தக டிரஸ்ஸர் ஆறுமுகத்தை அழைத்து வந்தேன். பயந்து அல்ல, பெருமையடிக்க. அப்போது 4.05. அவர் திரையைப் பார்க்கவில்லை. அக்காவின் தாடையைத் தொட்டார். விரல்களை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. நான் ஒரு மணி நேரமாகத் திரையைப் பார்த்தவன், மூச்சைப் பார்க்கவில்லை.

உயிர் போனது மத்தியானத்துக்கு முன்பே என்றார். பதினொரு மணியைத் தாண்டியிருக்காது.

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல லா டிரஸ்ஸர். போவ மாட்டேன்னு இப்பதான சொன்னா."