கவச வீரன் நிற்பானா?

வாரம் முழுக்க இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கைபேசியை ஜன்னலோரம் நிறுத்தி வைத்து, வீர பொம்மைகளைப் பற்றித் தமிழில் பேசி இணையத்தில் போடுகிறேன். இதை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பெட்டியைப் பிரிப்பேன், மூட்டு மூட்டாகத் திருப்பிப் பார்ப்பேன், மனதில் பட்டதைச் சொல்வேன். டாலிகஞ்ச் சந்தையில் மீன்காரர் ஒருவர், "கலரைப் பாத்து ஏமாறாதீங்க, செவுளைத் தூக்கிப் பாருங்க" என்பார். பொம்மைக்கும் அதுதான் சட்டம். பெயின்ட் எல்லாரும் நன்றாகத்தான் அடிக்கிறார்கள். முழங்காலை மடக்கினால்தான் வண்டவாளம் தெரியும்.

புது வாடகை வீட்டுக்கு வந்தபின் முதலில் கைக்கு வந்தவன் அந்தக் கவச வீரன். நீலமும் சாம்பலுமாக இயந்திரக் கவசம், தூக்கினால் உள்ளே முகம் தெரியும் தலைக்கவசம், முதுகில் பறப்பதற்கு ஒரு பெரிய மூட்டை. தெருமுனையில் பொம்மைக்கடை வைத்திருக்கும் தம்பி கொடுத்தது. அவன் தாத்தா நாகர்கோவிலிலிருந்து வந்தவர். பேரனுக்குத் தமிழும் வங்காளமும் ஒரே தட்டில் பிசைந்த சோறு மாதிரி.

"துர்கா பூஜோ வியாபாரத்துக்கு இதைத்தான் நம்பியிருக்கேன் அக்கா. பரண் பூரா இவன்தான். நல்லா ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க."

"நல்லா இருந்தா நாலாவே சொல்றேன்."

என் விமர்சனத்தில் ஒரு பரீட்சை உண்டு. பொம்மையைத் தாங்கி இல்லாமல் நிறுத்திவிட்டு ஒரு டீ குடிப்பேன். டீ முடியும்வரை நின்றால் தேர்ச்சி. பார்க்கிறவர்கள் இதற்காகவே வருகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இவன் நான் இரண்டாவது மடக்கு குடிக்கும்போதே மல்லாந்து விழுந்தான். மறுபடி நிறுத்தினேன், மறுபடியும் மல்லாந்தான். காரணம் பளிச்சென்று தெரிந்தது: முதுகு மூட்டை கனம். அப்படியே பேசிப் படமும் எடுத்துவிட்டேன்.

குறையைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லாமல் நான் எதையும் இணையத்தில் ஏற்றுவதில்லை. கூப்பிட்டேன். மாடியேறி வந்து, என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து, தலையில் கைவைத்துவிட்டான்.

"நிக்க மாட்டான்னு சொல்லிட்டீங்களா? ஷேஷ்! என் கதை முடிஞ்சுது. கடையில நல்லாத்தானே நின்னான்! உங்க மேஜை சரியில்லக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையா இருக்கு தம்பி."

"இங்க வங்காளத்துலயும் இதையேதான் சொல்றாங்க. நாச்தே நா ஜான்லே உட்டோன் பாங்கா. ஆடத் தெரியலைன்னா முற்றம் கோணல்." சொல்லிவிட்டுப் பொம்மையைக் கையில் எடுத்தான். "ஆனா அக்கா, முற்றம் நெசமாவே கோணலா இருந்தா?"

ஜன்னலைப் பார்த்து நின்றவனை வாசல் பக்கம் திருப்பி வைத்தான். மூட்டையும் முதுகில்தான் இருந்தது. நின்றான். நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம், நின்றுகொண்டே இருந்தான். மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பினான், மல்லாந்தான். மேஜையைத் தள்ளிவிட்டுத் தரையில் வைத்தோம். அங்கேயும் அதே கூத்து. வெளிச்சம் முகத்தில் விழட்டும் என்று நான் அவனை ஜன்னல் பார்க்கவே நிறுத்தியிருக்கிறேன். வீடு கால்வாயோரத்துப் பழைய வீடு. வாசல் பக்கமாக இறங்கியிருக்கிறது.

என் கணவர் விழுந்து கிடந்தவனை எடுத்து நிமிர்த்தினார். மெதுவாக, "அதான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து தோசை ஒரு பக்கம் மெத்தை, ஒரு பக்கம் அப்பளமா வருது" என்றார். "தரை கோணல்னு எனக்கு அப்பவே தெரியும், நீ அடுப்பைத் திட்டிக்கிட்டு இருந்தே."

"அத்தான் கண்டுபிடிச்சும் சொல்லலியா?"

"சொன்னா தோசையே வராது தம்பி."

எடுத்த படத்தை அவன் கண்முன்னாலேயே அழித்தேன். பொம்மையை எடுத்துக்கொண்டு மூவரும் அவன் கடைக்கு இறங்கினோம். கண்ணாடி மேஜைமேல் நான்கு திசையும் திருப்பித் திருப்பி நிறுத்தினேன். மண்கோப்பையில் டீ வந்தது. வேண்டுமென்றே ஆற அமரக் குடித்தேன். வீரன் அசையவில்லை. ரோட்டில் பஸ் போய்க் கண்ணாடி அதிர்ந்தபோதும் நின்றான். "மூட்டை கனம்தான், ஆனா பாதம் அதைவிட அகலம். இவன் நிப்பான்" என்று கைபேசியைப் பார்த்து அடித்துச் சொன்னேன்.

தம்பி முகத்தில் பூஜை விளக்கெல்லாம் எரிந்தது. நான் நிறுத்தவில்லை. இடது கையைத் தூக்கினேன். தோள் கவசம் இடித்தது. தோளுக்கு மேல் வரவில்லை.

"அக்கா, இதை விட்டுடுங்க. யார் பாக்கப்போறா?"

"முதல்ல பாக்கப்போறது வாங்கற பிள்ளைதான்."

"அப்ப வெந்நீர்ல போடுவோம். நீங்கதானே சொல்வீங்க, இறுகின மூட்டு இளகும்னு?"

"பெயின்ட் ஒட்டி இறுகியிருந்தா இளகும். இது வார்த்த அச்சே அப்படி. கோணல் வீடு என் தப்பு, அதை அழிச்சேன். கை தூக்காதது செஞ்சவன் தப்பு, அதைச் சொல்லித்தான் ஆகணும். ஒண்ணு செய். நான் சொன்னா குத்தம். நீயே சொன்னா நாணயம்."

தம்பி கல்லாவை இழுத்து மூடினான். பிறகு தலைமுடியைக் கோதிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். "வணக்கம். இவன் இடது கை மேல போகாது. வலது கை போகும். ஆனா மல்லாக்க விழ மாட்டான், அதுக்கு நான் கேரன்ட்டி" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான். அப்படியே ஏற்றினேன்.

அடுத்த வாரம் கடைக்கு மாவு கொடுக்கப் போயிருந்தேன். அலிப்பூரிலிருந்து ஒரு தமிழம்மா வந்தார்.

"அந்தக் கை தூக்காதவன் இருக்கானே, அவனைக் குடுங்க."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் பிரித்து, "இடது கைதான் மாமி, பாத்துக்குங்க" என்று தானே மடக்கிக் காட்டினான்.

"பரவாயில்லப்பா. எங்க வீட்டுலயும் ஒருத்தர் ஒரு வேலைக்கும் கை தூக்க மாட்டார். இவனாவது சொன்ன இடத்துல நிக்கிறானே!"