கிளெனிஸ் போட்ட எலும்புத் துண்டு

கிளெனிஸ் பித்தப்பை அறுவைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்தில், அவளுடைய மோட்டார் சைக்கிளை அவளைக் கேட்காமலே விற்றுவிட்டான் எம்லின். அப்போது அவன் அவளுடைய கணவன். வீட்டுக்கு வந்தவள் காலி ஷெட்டைப் பார்த்தாள், அடுத்த மாதம் வக்கீலைப் பார்த்தாள். “ஒரு வண்டிக்காகவா?” என்று சர்ச் வாசலில் கேட்டவர்களுக்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அந்த அளவுக்குக் கெட்ட வார்த்தை வேல்ஷ் மொழியில் கிடையாதாம்.

இருபது வருஷமாக நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. இதைத் தமிழில் எழுதுவதால்தான் துணிந்து எழுதுகிறேன். வேல்ஸ் நாட்டின் இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் தமிழ் படிக்க மாட்டார்கள்.

விவாகரத்து முடிந்த கையோடு அவள் வேறொரு பழைய வண்டி வாங்கினாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்குப் பஸ்ஸும் கிடையாது. அந்தப் பண்ணைகளில் தனியாகக் கிடக்கும் கிழடுகளைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு வருவதுதான் அவள் பிழைப்பு. வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் அவளை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனி திங்கட்கிழமையே அந்த வீடுகளை வேறொருத்திக்குக் கொடுத்துவிடும். பள்ளத்தாக்கில் பைக்கைச் சோதித்துச் சான்றிதழ் தர உரிமம் பெற்றவன் ஒரே ஒருத்தன். வேறு யார், எம்லின்தான்.

அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் சந்தில் போர் நடக்கும். செயினைக் கழற்றிக் கழுவி இறுக்குவாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள். ஹேண்டில் திரும்பும்போது எங்காவது தட்டுகிறதா என்று தடவுவாள். இந்த வருஷம் பிரேக் கட்டையைக்கூடப் புதிதாக மாற்றினாள்.

“அந்த மூஞ்சி ஒரு குறைகூடக் கண்டுபிடிக்கக் கூடாதுடி,” என்றாள். சொல்லிக்கொண்டே ஹாரனுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

“இந்த வருஷம் ஹாரனா?”

“நாய்க்கு எலும்புத் துண்டு. வருஷா வருஷம் போடறதுதானே!”

இது இங்கே எல்லோரும் செய்வதுதான். ஒரு குறையும் கிடைக்காவிட்டால் சோதிக்கிறவன் தோண்டத் தொடங்குவான், தோண்டினால் எந்தப் பழைய வண்டியும் தாங்காது. அதனால் சின்னதாக ஒன்றை விட்டுவைப்பார்கள். அவன் கண்டுபிடித்து நாலு வார்த்தை பேசுவான். அங்கேயே சரிசெய்தால் சான்றிதழ் கொடுத்துவிடுவான்.

வெள்ளிக்கிழமை காலை அவளோடு நானும் எம்லின் கடைக்குப் போனேன். அவன் வேலையில் இருந்தான். உள்ளே நுழையும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“தொந்தி எட்டு மாசம் ஆயிருக்கும் போல. எப்ப பிரசவம்?”

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பதில் இல்லை.

“கெழவனுக்கு மரியாதை வந்துருச்சு,” என்று என்னிடம் கண்ணடித்தாள்.

திரும்பியவன் எங்களைக் கண்டு திடுக்கிட்டான். வண்டியைத் தூக்கி நிறுத்தினான். டயரை அழுத்தினான், சக்கரத்தைச் சுற்றினான், விளக்குகளைப் போட்டுப் பார்த்தான். பிறகு ஹாரன் பொத்தானை அழுத்தித் தலையாட்டினான்.

“சரியா இருக்கு.”

கம்ப்யூட்டரில் தட்டி, தாளை நீட்டினான். குறை எதுவும் எழுதவில்லை.

கிளெனிஸ் வாயைத் திறந்தபடி என்னை வெளியே இழுத்து வந்தாள். “ஹாரன் சத்தம் கேட்டுதா ஒனக்கு?”

“இல்லையே.”

“அவனுக்கும் கேக்கல. அவனுக்கு எதுவுமே கேக்காதுடி!”

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. உரிமம் கொடுத்த ஆபீசுக்கு ஒரு போன் போட்டால் போதும், அவன் உரிமம் போய்விடும். எனக்கும் வயிற்றில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது. எனக்கு அவனைப் பிடிக்காது.

மறுபடி உள்ளே போனாள். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, இத்தனை வருஷம் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினாள். அவன் அம்மாவில் தொடங்கி, விற்ற வண்டி வரைக்கும். அவன் பாட்டுக்கு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாதியிலேயே நிறுத்திவிட்டாள். எனக்கும் அங்கே நிற்கக் கூசியது.

அவன் முன்னால் போய் நின்று, தாளை அவன் மார்பில் அறைந்தாள்.

“ஹாரன் செத்துக் கெடக்குய்யா! பெயில் பண்ணு.”

அவன் அவள் உதட்டையே பார்த்தான். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“எப்பருந்து?” என்றாள்.

“போன குளிருலருந்து. யாருக்கும் தெரியாது.” ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “ஒயர மாட்டிக்கிட்டு நீ பாட்டுக்குப் போயேன். ஒனக்கு வேலை இருக்குல்ல?” என்றான்.

“ஒன் பிச்சை எனக்கு வேணாம். மேல்வீட்டு ரீஸ் பொண்ணு வண்டிய பாஸ் பண்ணியே, அது சக்கரத்துல பேரிங் கத்துறது என் அடுப்படில கேக்குது. அவ விழுந்து செத்தா நீயா எழுப்புவ? நீயே போன் பண்ணி உரிமத்த விட்டுக் குடு. நீ பண்ணலைன்னா நான் பண்ணுவேன்.”

“பண்றேன். காது விஷயத்த மட்டும் ஊர்ல சொல்லிடாத.”

“ஒனக்கு எந்தச் சத்தியமும் நான் பண்ணித் தரல.”

அவன் தன் கையாலேயே அவள் வண்டியைப் பெயில் செய்தான். மறுநாள் ரீஸ் வீட்டில் புதுப் பேரிங் மாட்டிக்கொடுத்தான், காசு வாங்கவில்லை. திங்கட்கிழமை கடைக்கதவில் ‘சோதனை இல்லை’ என்று அட்டை தொங்கியது.

மலைக்கு அந்தப் பக்கம் சோதனைக்கு கிளெனிஸுக்கு அடுத்த வாரம்தான் தேதி கிடைத்தது. அதற்குள் மேல்பண்ணைகள் ஒரு சின்னப் பெண்ணுக்குப் போய்விட்டன. மிச்சம் அடிவார வீடுகள், பாதிச் சம்பளம். இப்போது பள்ளத்தாக்கில் பைக் வைத்திருக்கும் எல்லோரும் சோதனைக்கு மலையைத் தாண்ட வேண்டும். அவள் புகார் கொடுத்துதான் அவன் உரிமம் போயிற்று என்று ஊரே பேசுகிறது. ரொட்டிக் கடையில் ஒருத்தி, “பழி வாங்கிட்டியே, மனசு குளுந்துதா?” என்று முகத்துக்கு நேரே கேட்டாள். கிளெனிஸ் காசைக் கொடுத்து ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “அவனுக்குக் காது கேக்காதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வேலையும் போயி, ஏச்சும் ஒனக்கா?” என்று கத்தினேன்.

“என்னத் திட்டட்டும்,” என்றாள் அவள். “அவனப் பாத்து ‘ஐயோ பாவம்’னு எவளாச்சும் சொன்னா, அதத்தான் என்னால தாங்க முடியாது.”