நான் பார்த்தால் தோற்கும் அணி

பந்து மஞ்சள் கம்பத்தில் மோதிய ‘ணங்’ என்ற சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. கடைசி நொடியில் உதைத்த அந்தப் பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போயிருந்தால் எங்கள் அணி வென்றிருக்கும், போகவில்லை. லாசாலில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில் அப்பாவும், எங்களோடு தங்கியிருந்த அவருடைய தம்பியான சித்தப்பாவும் ‘செற்றி’ எனும் சோபாவின் நுனியில் இருந்தார்கள், பத்து வயதுச் சிறுமியான நான் கீழே கம்பளத்தில், கையில் பாதி பிஸ்கட்டோடு இருந்தேன். தோற்ற மறுநொடி சித்தப்பா திரையைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பந்தைத் தட்டிவிட்டது நான்தானோ என்ற சந்தேகம் எனக்கு முதன்முதலாக வந்தது அந்தப் பார்வையில்தான்.

சித்தப்பா புவாண்ட்-கிளேரில் ஒரு ‘வெயர்ஹவுஸில்’ வேலை செய்தார். அங்கே மதியச் சாப்பாட்டு மேசையில் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிக் கதைக்கத் தெரியாதவன் தனியே இருந்து சாப்பிட வேண்டியதுதான் என்பதால், அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கம் சில மணி நேரக் கார் ஓட்டத்தில் இருந்த ஓர் அணியை அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அணியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த ஞாயிறும் தோற்கும் என்று சொல்ல ஆள் இருக்கிறது. நாலு தரம் ஆடுவதற்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்தை மற்றவனிடம் கொடுக்க வேண்டும் என்பதைத் தாண்டி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியாத ஆட்டத்தை எங்களுக்குப் புரிந்த ஒன்றைக் கொண்டு விளக்க சித்தப்பாவுக்கு இரண்டு வாரம்கூட எடுக்கவில்லை. அதுதான் ‘ராசி’.

அந்தப் பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களையும் எங்கள் அணி வென்றது. மூன்று ஞாயிறும் நான் தமிழ் வகுப்பில் இருந்தேன். நாலாம் வாரம் வகுப்பு நடக்கும் மண்டபத்தில் யாருக்கோ கலியாணம், வகுப்பில்லை, நான் வீட்டில் இருந்தேன். பந்து கம்பத்தில் மோதியது. ஒக்டோபரில் வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் நான் வீட்டில் இருந்தேன், அணியும் அடிக்கடி தோற்றுக்கொண்டே இருந்தது.

“குஞ்சு, ஒருக்காக் குசினிக்குள்ள போய் நிக்கிறியோ? இந்த ஒரு உதை மட்டும்தான்” என்றார் சித்தப்பா ஒரு நாள்.

“ஏன் சித்தப்பா?”

“சும்மா. கால் விறைச்சிருக்கும், கொஞ்சம் நட.”

நான் போனேன். அந்த உதை நடுவே போனது. வரவேற்பறையில் அவர்கள் இருவரும் கத்திய கத்தலை, குளிர்சாதனப் பெட்டியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கேட்டேன். அணி தோற்றபோது அழாத நான் அன்றுதான் அழுதேன்.

ஆனால் நான் சும்மா அழுதுகொண்டிருக்கிற ஆள் இல்லை. பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் யார் யார் வீட்டில் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், கடைசியில் என்ன நடந்தது என்று எழுதத் தொடங்கினேன். எல்லோர்மேலும் எனக்குச் சந்தேகம். இடைவேளையில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டும் கீழ்வீட்டுக்காரி மேல் சந்தேகம். சித்தப்பாவின் ஜேர்சியைக் கேட்காமல் தோய்த்துவிட்ட அம்மா மேல் சந்தேகம். எல்லாவற்றுக்கும் “பாப்பம், பாப்பம்” என்று மட்டும் சொல்லும் அப்பா மேலும் சந்தேகம். கொப்பி நிறைய நிறைய, சந்தேகமும் கூடியதே தவிர ஒருவரும் அகப்படவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு, பாதி ஆட்டம் முடிந்தபோது எங்கள் அணி பின்தங்கியிருந்தது. சித்தப்பா எழும்பிப் போய், ஒரு பிடி உப்பும் ஏழு செத்தல் மிளகாயும் எடுத்து வந்து, தொலைக்காட்சியைச் சுற்றி மூன்று தரம் ‘நாவூறு’ கழித்தார். பிறகு அதைச் சுடுசட்டியில் போட்டார். மிளகாய் கருகியும் நெடி வராவிட்டால் நாவூறு பட்டிருக்கிறது என்று அர்த்தம். நெடி வந்தால் ஒன்றுமில்லை. நெடி வந்தது. வீடு முழுக்க வந்தது, கதவுக்குக் கீழால் நடைக்கூடத்துக்கும் போனது, பிறகு கட்டடம் முழுவதும் தீ மணி அலறத் தொடங்கியது.

இருமி இருமிப் படியிறங்கிக்கொண்டிருந்த சித்தப்பாவின் பின்னால் நானும் இருமிக்கொண்டே கத்தினேன்: “நெடி வந்திட்டுது சித்தப்பா! அப்ப நாவூறு இல்லை!”

“வாயை மூடிக்கொண்டு இறங்கு பிள்ளை!”

முழுக் கட்டடமும் வீட்டுச் செருப்போடு குளிரில் நின்றது. என்னத்தை எரித்தீர்கள் என்று கீழ்வீட்டுக்காரி பிரெஞ்சில் கேட்க, அப்பா “மெர்சி, மெர்சி” என்று நன்றி சொல்லித் தலையாட்டினார். தீயணைப்புப் படையினர் சட்டியைப் பார்த்துவிட்டுப் போனபின் நாங்கள் மேலே ஏறி வந்தோம். ஆட்டம் முடிந்திருந்தது. எங்கள் அணி வென்றிருந்தது.

“பாத்தியளே அண்ணை? இஞ்ச ஒருத்தரும் இல்லையெண்டால் வெல்லுறாங்கள்!”

“ஒருத்தரும் எண்டால் நீங்களும்தான் இல்லை, சித்தப்பா” என்றேன் நான். “தோத்த எல்லா மட்சிலயும் நீங்கள் இருந்தனீங்கள். நான் எழுதி வச்சிருக்கிறன்.”

அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் சித்தப்பாவுக்குச் சுட்டிருக்க வேண்டும். “ராசியில்லாத பிள்ளைக்கு வாய் மட்டும் காதுவரைக்கும்” என்றார்.

யன்னலைத் திறந்து புகையை வெளியேற்றிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். “தம்பி, அந்தச் சொல்லை இந்த வீட்டில கதைக்கக் கூடாது. பிள்ளை வளர்ந்து கலியாணம் கட்டிப் போகுமட்டும் அது அவளோட ஒட்டிக்கொண்டு போகும்.” குரல் உயரவில்லை. அம்மா பிறந்த வாரத்தில் அவருடைய அப்பா இறந்துபோனதும், அதன்பின் கலியாண வீடுகளில் அவரை முன்னுக்கு நிற்க விடாததும் பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தப்பா சொன்னது என்னையென்றாலும் முகம் மாறியது அம்மாவுக்கு என்பதுதான்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் எல்லாம் முடிந்தது. அன்று ஒருவரும் கேட்காமலே நான் குசினிக்குள் போய் நின்றேன். ஒரு நாளும் ஆட்டம் பார்த்திராத அம்மா ஈரக் கையைத் துடைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், செற்றியின் நடுவில் என்னை இருத்தித் தானும் பக்கத்தில் இருந்தார். சித்தப்பா நகர்ந்து இடம் விட்டார். மீண்டும் கடைசி நொடி, மீண்டும் ஓர் உதை. பந்து கம்பத்துக்குக் கிட்டவும் போகாமல் வெளியே போனது, தோற்றோம்.

நான் சித்தப்பாவின் வாயைப் பார்த்தேன்.

“நானும்தான் முன்னுக்கு இருந்தனான், தம்பி. ஆரைச் சொல்லப் போறியள்?” என்றார் அம்மா.

சித்தப்பா திரையையே பார்த்தார். “அந்த உதைக்கிறவனைத்தான் சொல்லோணும், அண்ணி” என்றார்.

இப்போது அந்த லாசால் வீடு எங்களுடையதில்லை. சித்தப்பா கலியாணம் கட்டிப் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிவிட்டார். சுவரை நிறைக்கும் திரை அங்கே நிலவறையில் இருக்கிறது. மிளகாயை ஒருவரும் கருக்குவதில்லை, ‘ராசி’ என்ற சொல்லை அதன்பின் அவர் வாயில் நான் கேட்டதுமில்லை. பல்கலைக்கழகத்தில் நான் மேற்படிப்பாகப் படிப்பது புள்ளியியல். இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்று முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறேன். அப்படியிருந்தும், ஆட்டம் இறுகும்போது எனக்குத் தண்ணீர் விடாய்த்துவிடுகிறது; எழும்பி மேலே போய்விடுகிறேன். தண்ணீருக்குத்தான் போகிறேனா என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம்.

போன ஞாயிறு அப்படி எழும்பிப் போனபோது, சித்தப்பாவின் ஒன்பது வயது மகள் நிலவறைப் படியில், திரை தெரியாத இடமாகப் பார்த்து இருந்தாள்.

“ஏன் இஞ்ச இருக்கிறாய்? அப்பா சொன்னவரோ?”

“இல்லை அக்கா. ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் எழும்பிப் போனால் வெல்லுது, நானும் போனால் இன்னும் வெல்லும்தானே?”

எனக்கு விடாய் போய்விட்டது. இந்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரத்தோடு போகப் போகிறேன். அவளை எங்கள் இருவருக்கும் நடுவில் இருத்தி, கடைசி உதை முடியும்வரை எழும்பாமல் இருந்து பார்க்கப் போகிறேன். அவள் எழும்பமாட்டாள் என்று நம்புகிறேன். என்னைப் பற்றித்தான் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.