தையல்காரரின் கார்

எங்கள் தெருத் தையல்காரர் தன் பழைய காரில் எந்த மெக்கானிக்கையும் கை வைக்க விடமாட்டார். "அளவெடுக்கத் தெரியாதவன்லாம் என் வண்டியத் தொடக் கூடாது" என்பார். போன வருடம் மாட்டிய கிளட்ச் தட்டு அதற்குள் தேய்ந்துபோனதும், வாசலிலேயே காருக்கடியில் படுத்துவிட்டார். கியர்பாக்ஸை இறக்கி, போல்ட்டுக்குப் போல்ட் தையல் சாக்பீஸால் குறி போட்டு, தட்டு விற்றவனை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே புதியதை மாட்டினார்.

வெள்ளோட்டத்துக்கு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டுப் போனது. தெருமுனையில் மனைவி தற்செயலாகக் குனிந்து பார்த்தார். கணவரின் இடது கால் கிளட்ச் மிதியை விட்டு இறங்கவே இல்லை. தையல் மிஷினில் இருப்பதுபோல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஓயாம இப்படி மிதிச்சா எந்தத் தட்டுதான் தாங்கும்? அடுத்த தடவ கிளட்ச் வேண்டாம், காலக் கழட்டி மாத்துங்க."