சத்தம் குறைந்த துவக்கு

2009இல் எனக்குப் பதினான்கு வயது. லண்டனில், எட்மண்டனில் இருந்தோம். குறி பார்த்துச் சுடுவதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னை வெல்ல ஆளில்லை; அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் பள்ளிக்கூடத்து இரவல் துவக்கில் வாரம் ஒருநாள் சுட்டு அணியில் இடம் பிடிக்க ஏலாது. வீட்டில் பழக எனக்கென்று ஒன்று வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை, காற்றழுத்தத்தில் சின்ன ஈயக்குண்டைத் தள்ளும் துவக்கு. என் வயதுக்குக் கடையில் தரமாட்டார்கள், அப்பாதான் வாங்கவேண்டும்.

"துவக்கோ? இந்த வீட்டுக்கையோ?" என்ற அப்பா பார்த்தது என்னை அல்ல, அம்மாவை.

"பிள்ளை ஆசைப்படுது. வாங்கிக் குடுங்கோவன்," என்றா அம்மா. கை மட்டும் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தது.

எங்கள் வீடே ஒரு மாதிரியான வீடுதான். நவம்பரில் வெள்ளைக்காரர் ஊரெல்லாம் வாணவெடி கொளுத்தும் நாளில் நாங்கள் மட்டும் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு ரயில் ஏறுவோம். வடக்கிலிருந்து தெற்கு, தெற்கிலிருந்து வடக்கு. ரயில் நிலத்துக்குக் கீழே இறங்கியதும் அம்மா அப்பாவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிடுவா. அம்மா இலங்கைச் சண்டைக்குள்ளிருந்து தப்பி வந்தவ என்பது தெரியும். அதற்கும் வாணத்துக்கும் என்ன சம்பந்தம்? எல்லாத் தமிழ் வீட்டிலும் இது ஒரு கொண்டாட்டம் என்றே நம்பியிருந்தேன்.

கடைக்குத் துணையாக மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஜெர்மனியில் கடை நடத்திவிட்டு லண்டன் வந்தவர், விலை பேசாமல் எந்தக் கடையையும் விட்டு வெளியே வராதவர். துவக்குக் கடையிலும் மீன் சந்தையில் நிற்பதுபோலவே நின்றார். "அத்தான், இந்த ஸ்பிரிங் வைச்சதை எடுங்கோ. மலிவு. அவன் இன்னும் குறைப்பான்." எனக்கும் அதுதான் பிடித்தது: கறுப்பு, நல்ல பாரம், தூக்கினாலே ஒரு கெத்து.

கடைக்காரர் பின்பக்கம் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகச் சுட்டுக் காட்டினார். தேங்காயைக் காதருகில் ஆட்டிப் பார்ப்பவர்போல அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எது சத்தம் குறைவு என்ற ஒன்றைத்தான் கேட்டார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது, யாரோ பாவித்த ஒல்லித் துவக்கு. ஒவ்வொரு முறையும் கையால் பம்ப் அடிக்கவேண்டும். விலையோ மாமா காட்டியதைவிடக் கூட.

"அத்தான், உங்களுக்கென்ன விசரே?"

"இதுதான்," என்றார் அப்பா.

சின்னச் சத்தத்துக்கும் புகார் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பயந்துதான் இந்த மனுசன் இப்படிச் செய்கிறார் என்று முடிவுகட்டி, வீடு வரும்வரை மூஞ்சியை நீட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பின்தோட்டத்தில் மண் நிரப்பிய பெட்டி வைத்து, அதன் முன்னால் அட்டையைக் குத்தினோம். அப்பா குசினிக்குள் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஜன்னலால் கை காட்டினார். சுட்டேன். முதல் குண்டே நடுப்புள்ளி! அட்டையைப் பிய்த்துக்கொண்டு குசினிக்கு ஓடினேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டு நின்றா. "எங்கை, சுடு பாப்பம்," என்றா.

"சுட்டிட்டன் அம்மா!"

"எப்ப? எனக்குக் கேக்கேல்லையே."

எனக்கு வந்த ஆத்திரம்! பெற்ற தாய்க்கே கேட்காத துவக்கும் ஒரு துவக்கா? அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். மனுசன் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்துக்கொண்டிருந்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவேயில்லை.